அசெம்பிளிக்கு வெளியே உட்காரும் பிள்ளைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் பத்திரிகையைக் கைபேசியில்தான் படிக்கிறேன். கோயில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால நேரத்தில் கற்ற தமிழ் என்னுடையது, பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள்.

சென்ற மாதம் உங்கள் கடிதப் பக்கத்தில் ஒரு வாசகர், பள்ளிகளில் காலை வழிபாட்டைக் கட்டாயமாக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். எந்தச் சாமியாக இருந்தால் என்ன, பிள்ளைகள் ஐந்து நிமிடம் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றால் ஒழுக்கம் வரும், யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது என்பது அவர் கருத்து. நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார், படித்தாலே தெரிகிறது. நானும் ஒரு காலத்தில் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளைச் சொன்னவள். இப்போது என்னால் அப்படிச் சொல்ல முடியாது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பேத்திக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு படிக்கிறாள். மகனும் மருமகளும் சாட்ஸ்வொர்த்தை விட்டு வேறு பக்கம் வீடு வாங்கிப் போனார்கள், அங்கே பக்கத்தில் இருப்பது முன்னால் வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டும் படித்த அரசுப் பள்ளி. நல்ல பள்ளிதான், அதில் எனக்குக் குறை இல்லை, ஆசிரியர்கள் அக்கறையானவர்கள். அங்கே வாரத்தில் இரண்டு நாள் காலையில் பெரிய ஹாலில் அசெம்பிளி நடக்கும். ஒரு பாஸ்டர் வருவார், ஒரு ஞானப்பாட்டு, பைபிளில் ஒரு பகுதி, அப்புறம் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கர்த்தரின் ஜெபம். சேர்க்கும்போதே ஒரு படிவம் கொடுத்தார்கள், வழிபாட்டில் பிள்ளை கலந்துகொள்ள வேண்டாம் என்றால் இங்கே குறியிடவும் என்று. மகன் குறியிட்டுக் கொடுத்தான். சட்டப்படி எல்லாம் சரி.

நடந்தது என்னவென்றால், மற்ற நானூறு ஐநூறு பிள்ளைகளும் ஹாலுக்குள் வரிசையாகப் போகும்போது இவளும் இன்னும் நாலு பிள்ளைகளும் நூலகத்துக்கு வெளியே இருக்கிற பெஞ்சில் உட்கார வேண்டும். இரண்டு முஸ்லிம் பையன்கள், யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த வீட்டுப் பெண் ஒருத்தி, அப்பா அம்மா எந்த மதமும் இல்லை என்று சொல்லிவிட்ட ஒரு பையன், இவள். மழை நாளிலும் அதே பெஞ்சுதான். உள்ளே பாட்டு முடிந்ததும் அதே அசெம்பிளியில்தான் பிறந்தநாள் பிள்ளைகளுக்கு வாழ்த்து, நீச்சல் போட்டியில் ஜெயித்தவர்களுக்குக் கைதட்டல், அடுத்த வாரம் சுற்றுலா எங்கே என்ற அறிவிப்பு எல்லாம். இவளுக்கு வாசிப்புக்காக ஒரு சான்றிதழ் வந்திருந்தது. பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஆள் இல்லை. அப்புறம் வகுப்பில் மேஜை மேல் வைத்துக் கொடுத்தார்களாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "ஆயா, நானும் இனிமே உள்ளேயே போறேன், அம்மாகிட்ட சொல்லு" என்றாள்.

மறு டேர்மிலிருந்து உள்ளே போகிறாள். யாரும் அவளை அதட்டவில்லை, ஒரு ஆசிரியர் கூட "நீ வந்துதான் ஆக வேண்டும்" என்று சொல்லவில்லை. கட்டாயம் என்ற வார்த்தையையே யாரும் உச்சரிக்காமல் ஒரு குழந்தையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்துவிட முடியும் என்பதை நான் என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, என் வீட்டில் சாமி விளக்கு ஏற்றினேன். பேத்தி பக்கத்தில் நின்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தாள், கடைசியில் ஆமென் என்றாள். எனக்கு ஏசு மேல் கோபம் இல்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். என் சொந்தத் தங்கை கிறிஸ்தவள். எங்கள் குடும்பத்தில் கிறிஸ்துமஸ் அன்று அவள் வீட்டில் சாப்பாடு, தீபாவளி அன்று என் வீட்டில் பலகாரம், இதுதான் பழக்கம். டர்பனில் அப்படி இல்லாத தமிழ்க் குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். என் தங்கை வளர்ந்த பிறகு, யோசித்து, அழுது, அப்பாவிடம் சண்டை போட்டு மாறினாள், அது அவள் முடிவு. என் பேத்தி எந்த முடிவும் எடுக்கவில்லை. பெஞ்சில் தனியாக உட்காரப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதை வாசிக்கிறவர்கள் ஒரு கிழவியின் ஆதங்கம் என்று நினைக்கலாம். ஆனால் இதே மாதிரி ஒரு வழக்கு வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்டில் நடந்திருக்கிறது. மத நம்பிக்கை இல்லாத பெற்றோர், தொடக்கப் பள்ளியில் படித்த மகள், அவள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்ய ஆரம்பித்ததைப் பார்த்துத்தான் பெற்றோர் விசாரித்தார்கள், பிறகு நீதிமன்றம் போனார்கள். பிடிக்காவிட்டால் பிள்ளையை வெளியே எடுத்துக்கொள்ளலாமே, அந்த உரிமைதான் இருக்கிறதே என்பது எதிர்த்தரப்பு வாதம். வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 நவம்பரில் வந்த தீர்ப்பு, வெளியே எடுத்துக்கொள்ளும் உரிமை இருப்பதால் மட்டும் அது நியாயமாகிவிடாது, அதைப் பயன்படுத்தினால் பிள்ளை தனித்து நிறுத்தப்படும், அந்தப் பாரத்தைப் பெற்றோர் தலையில் வைக்கக் கூடாது என்றது. மருமகள் எனக்கு அந்தச் செய்தியைப் படித்துக் காட்டியபோது அந்த நூலகப் பெஞ்சுதான் என் கண் முன்னால் வந்தது.

இங்கே எங்கள் சட்டம் என்ன சொல்கிறது என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். 1996 அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அரசுப் பள்ளிகளில் வழிபாட்டைத் தடை செய்யவில்லை. நடத்தலாம், ஆனால் உரிய அதிகாரிகள் வகுத்த விதிப்படி, எல்லாருக்கும் நியாயமான முறையில், கலந்துகொள்வது அவரவர் இஷ்டப்படி இருக்க வேண்டும். அதே வருடம் வந்த பள்ளிகள் சட்டத்தின் 7-ஆம் பிரிவு இதையே சொல்லி, பிள்ளைகளோடு ஆசிரியர்களையும் சேர்த்துக்கொண்டது. ஆசிரியரும் இஷ்டமில்லாவிட்டால் கலந்துகொள்ள வேண்டியதில்லை. ஹாலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற எத்தனை இந்து ஆசிரியைகளுக்கு இது தெரியும்? 2003-ல் காதர் அஸ்மால் கல்வி அமைச்சராக இருந்தபோது மதமும் கல்வியும் பற்றிய தேசியக் கொள்கை வந்தது. அவர் எங்கள் மாகாணத்து ஸ்டாங்கரில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். பல மதப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் அசெம்பிளி மூலமாக ஒரே மதத்தை எல்லார் மேலும் போர்த்தக் கூடாது என்று அந்தக் கொள்கை நேராகவே சொல்கிறது. எல்லா மதங்களைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், ஒரு மதத்துக்குள் கொண்டுபோவது வீட்டின், கோயிலின், சர்ச்சின், பள்ளிவாசலின் வேலை என்று பிரித்து வைத்தது. ரொம்ப நல்ல கொள்கை. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் பல பள்ளிகளில் அலமாரியில் கிடக்கிறது.

2017 ஜூனில் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. தங்களைக் கிறிஸ்தவப் பள்ளி என்று சொல்லிக்கொண்ட ஆறு அரசுப் பள்ளிகள் மேல் போட்ட வழக்கு. அரசுப் பள்ளி ஒன்று, மற்ற மதங்களை ஒதுக்கிவிட்டு நாங்கள் இந்த மதத்துப் பள்ளி என்று தன்னைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. பிரேயரே கூடாது என்று தீர்ப்பு வந்துவிட்டதாக இங்கே வாட்ஸ்அப்பில் பயங்கரமாகப் பரவியது, அது பொய். ஜெபத்தை யாரும் தடுக்கவில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நிறவெறி ஆட்சி 1967-ல் கொண்டுவந்த கல்விச் சட்டம், வெள்ளையர் பள்ளிகளில் கல்வி கிறிஸ்தவத் தன்மையோடு இருக்க வேண்டும் என்றது. அந்தப் பள்ளிகள் 1990-க்குப் பிறகுதான் எங்கள் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்தன, மாடல் சி பள்ளி என்று இன்றைக்கும் சொல்கிறோம். கதவு திறந்தது, உள்ளே இருந்த பழக்கம் அப்படியே இருந்தது. புதிதாக வந்தவர்கள் கேள்வி கேட்கவில்லை. இவ்வளவு காலம் கழித்து இடம் கிடைத்திருக்கிறது, வாயைத் திறந்து அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்ற பயம். நான் அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன், என் மகனைச் சேர்க்கும்போது எனக்கும் அது இருந்தது.

மதத்தின் பேரால் ஒருவரை வெளியே நிறுத்துவது எப்படி இருக்கும் என்று இந்த ஊர்த் தமிழருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1913-ல் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணம் இங்கே செல்லாது என்று. ஒரே நாளில் நம் தாலி கட்டின பெண்களும் நிக்காஹ் செய்த பெண்களும் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை என்று ஆகிவிட்டார்கள். அதற்கு முன்னால் சத்தியாகிரகத்தில் ஆண்கள்தான் சிறை போனார்கள், இந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போய் உடம்பு கெட்டு 1914 பிப்ரவரி 22-ல் செத்தாள், பதினாறு வயது. தமிழ்நாட்டில் அவள் பேரைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவள் போராட்டத்தில் தலைவரியோடு இந்தத் திருமண விஷயமும் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

அப்புறம் மூக்குத்தி வழக்கு. 2004-ல் டர்பனில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி மாணவி, தமிழ்ப் பெண், விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு சின்னத் தங்க மூக்குத்தியோடு பள்ளிக்குப் போனாள். புண் ஆறும் வரை விட்டார்கள், பிறகு கழற்றச் சொன்னார்கள், பள்ளி விதியில் மூக்குத்தி இல்லை. இது எங்கள் குடும்ப வழக்கம், பெண் பெரியவளானால் குத்துவது, பதினாறு வயதில் பாட்டி வைர மூக்குத்தி போடுவாள் என்று அம்மா எழுதிக் கொடுத்தார். கீழ் நீதிமன்றம் பள்ளி பக்கம், மேல் நீதிமன்றம் அம்மா பக்கம், கடைசியில் அரசியல் சட்ட நீதிமன்றம். 2007 அக்டோபர் 5-ஆம் தேதி தலைமை நீதிபதி பியஸ் லங்கா தீர்ப்பெழுதினார். மூக்குத்தி இந்து மதத்தில் கட்டாயமா இல்லையா என்பதில் மட்டும் அவர் நின்றுவிடவில்லை. கட்டாயமில்லாத, தானாக விரும்பிச் செய்கிற வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு, இன்னும் நிறையப் பிள்ளைகள் இதைப் பார்த்துத் தங்கள் அடையாளத்தோடு வந்தால் அது பயப்பட வேண்டிய விஷயமே இல்லை, கொண்டாட வேண்டியது என்றார். தீர்ப்பு வருவதற்குள் அந்தப் பெண் பள்ளியை விட்டே போயிருந்தாள். அன்றைக்கு சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் எல்லோரும் நம் வீட்டுப் பிள்ளை ஜெயித்த மாதிரி சந்தோஷப்பட்டோம், நான் வகுப்பில் சாக்லேட் கொடுத்தேன்.

இங்கேதான் நான் என் கதையைச் சொல்ல வேண்டும், இதைச் சொல்லாமல் மேலே எழுதியது எதற்கும் எனக்கு உரிமை இல்லை.

நான் மேகசின் பேரக்ஸில் பிறந்தவள். டர்பன் நகராட்சியில் குப்பை அள்ளவும் ரோடு போடவும் வந்த தமிழ், தெலுங்குக் குடும்பங்களுக்கான குடியிருப்பு அது. இனவாரியாக மக்களைப் பிரித்து வைத்த குடியிருப்புப் பகுதிச் சட்டத்தின் கீழ் எங்களை அறுபதுகளில் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியும் சாட்ஸ்வொர்த்தில்தான், எல்லாம் இந்தியப் பிள்ளைகள், பாதிக்கு மேல் தமிழ்ப் பிள்ளைகள். எண்பதுகளின் ஆரம்பம். பரிசளிப்பு விழா ஒன்றுக்கு நான் பிள்ளைகளுக்கு முருகன் பாட்டு ஒன்றைப் பழக்கினேன். எல்லாரும் கைகூப்பிப் பாட வேண்டும், மேடையில் குத்துவிளக்கு, ஒவ்வொருவர் நெற்றியிலும் விபூதி. தமிழ் அழிந்துகொண்டிருந்தது, வீட்டில் யாரும் பேசவில்லை, மேடையிலாவது தமிழ் கேட்கட்டும் என்ற வெறி எனக்கு. ஒரு பெண், பதினோரு வயது இருக்கும், விபூதியைத் துடைத்துவிட்டாள். பாடவும் இல்லை. மரியாதையாக நேராக நின்றாள், உதடு அசையவில்லை. அவள் அப்பா செருப்பு ஃபேக்டரியில் வேலை, குடும்பமே பெந்தெகொஸ்தே சபைக்கு மாறியிருந்தது. நான் எல்லார் முன்னாலும் அவளைத் திட்டினேன். "தமிழச்சிதானே நீ, வாய் வலிக்குதா" என்று கேட்டேன். மேடையிலிருந்து இறக்கி ஓரமாக உட்கார வைத்தேன். மறுநாள் அவள் அப்பா வந்தார், ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் வந்திருந்தார், சண்டை போடவில்லை. "டீச்சர், பிள்ளைக்குத் தமிழ் பிடிக்கும், சாமியைத்தான் அவ மாத்திக்கிட்டா" என்றார். நான் அவருக்கு ஒழுங்கான பதிலே சொல்லவில்லை. கலாச்சாரம் என்று என்னவோ பேசி அனுப்பிவிட்டேன்.

இரண்டு மூன்று வருடம் கழித்து இந்தியாவிலிருந்து வந்த ஒரு செய்தி படித்தேன். கேரளத்தில் மூன்று பிள்ளைகள், யெகோவா சாட்சிகள், பள்ளியில் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாட மட்டும் இல்லை. பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். 1986-ல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. மரியாதையாக நிற்கிற பிள்ளையை, பாடவில்லை என்பதற்காகத் தண்டிக்க முடியாது, அவர்கள் மனசாட்சிக்கு உரிமை உண்டு என்று. அதைப் படித்துவிட்டு நான் வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் நின்ற மாதிரியேதானே அந்தப் பிள்ளைகளும் நின்றிருக்கிறார்கள். இந்திய அரசியல் சட்டத்திலேயே 28-ஆம் பிரிவு இருக்கிறது, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் ஒருவரை, சிறுவர் என்றால் பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல், வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்று. கட்டாயமாக்கச் சொன்ன அந்த வாசகர் இந்தியாவில் இருக்கிறார் என்றால் அவர் கேட்பதை அவர் நாட்டுச் சட்டமே அனுமதிக்கவில்லை.

பல வருடம் கழித்து அந்தப் பெண்ணை ஒரு கடையில் பார்த்தேன், நர்ஸாக இருக்கிறாள். நான் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை மிஸ் என்றாள். ஆனால் என்ன பாட்டு என்று அவளுக்கு ஞாபகமில்லை, மேடைக்குக் கீழே எந்தப் பக்கம் உட்கார வைத்தேன் என்பது ஞாபகம் இருந்தது.

அதனால் எந்தச் சாமியானால் என்ன என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான். அதைச் சொல்வது எப்போதும் பெரும்பான்மைக்காரர்தானே? சாட்ஸ்வொர்த் பள்ளியில் நான் பெரும்பான்மை, நான் சொன்னேன். பேத்தியின் பள்ளியில் அவர்கள் பெரும்பான்மை, அவர்கள் சொல்கிறார்கள். 2022 கணக்கெடுப்புப்படி இந்த நாட்டில் நூற்றுக்கு 85 பேர் கிறிஸ்தவர்கள், இந்துக்கள் ஒருவரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நமக்கு மட்டும் மூக்குத்திக்கு இடம் வேண்டும், காவடிக்குக் கட்டின காப்பைப் பள்ளியில் அறுக்கக் கூடாது, புரட்டாசி மாதம் பிள்ளை கறி சாப்பிடாவிட்டால் ஹாஸ்டலில் வேறு சாப்பாடு வேண்டும் என்று கேட்டுவிட்டு, நாம் நிறைய இருக்கிற இடத்தில் மற்ற பிள்ளையைக் கைகூப்பச் சொன்னால் அந்தக் கேள்விக்கு என்ன மரியாதை?

காப்பு என்றதும் இன்னொன்று. எங்கள் மாகாணத்தில் ஜூலு பிள்ளைகள் முன்னோருக்கான சடங்கு முடிந்ததும் கையில் ஆட்டுத் தோல் வளையம் ஒன்று போட்டிருப்பார்கள், இசிபாண்ட்லா என்று பேர். அது தானாகக் காய்ந்து விழும் வரை கழற்றக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. வாடை அடிக்கிறது, யூனிஃபார்ம் இல்லை என்று அதை அறுக்கச் சொல்கிற பள்ளிகள் உண்டு, இந்திய ஆசிரியர்களே சொல்லி நான் கேட்டிருக்கிறேன். தைப்பூசத்துக்கு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வருகிற நம் பிள்ளைக்கும் அந்த ஜூலு பிள்ளைக்கும் என்ன வித்தியாசம்? நான் வேலையில் இருந்தபோதே இதைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ஜூலு மக்கள் நடுவே உருவான ஷெம்பே சபைப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதான் ஓய்வு நாள், அன்றைக்குப் பரீட்சையோ விளையாட்டுப் போட்டியோ வைத்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்றும் நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

பிரேயரை எடுத்துவிட்டால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், போதை, கத்திக்குத்து எல்லாம் அதனால்தான் வருகிறது என்று சபைக்காரர்களும் சொல்கிறார்கள், நம் கோயில் கமிட்டிக்காரர்களும் சொல்கிறார்கள். சாட்ஸ்வொர்த்தில் சுகர்ஸ் என்ற போதைப்பொருள் எத்தனை குடும்பத்தை அழித்தது என்று எனக்குத் தெரியும், என் மாணவர்களையே புதைத்திருக்கிறேன், எரித்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் எல்லாம் தினமும் பிரேயர் நடந்த பள்ளியில் படித்தவர்கள்தான். அவர்களுக்கு இல்லாமல் போனது வேலை, சாயங்காலம் போக ஒரு இடம், வீட்டில் ஒரு பெரியவர். அசெம்பிளியில் ஐந்து நிமிடம் கூடுதலாகக் கண்ணை மூடியிருந்தால் அது மாறியிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. நான் தினமும் சாமி கும்பிடுகிறவள், பக்தி இல்லாமல் இதைச் சொல்லவில்லை.

சரி, என்ன செய்யலாம்? பெரிய வேலை ஒன்றும் இல்லை. அசெம்பிளி எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும், தேசிய கீதம், அறிவிப்பு, பிறந்தநாள், சான்றிதழ், வேண்டுமானால் ஒரு நிமிட மௌனம், அதில் அவரவர் அவரவர் சாமியை நினைத்துக்கொள்ளட்டும், நினைக்காதவர் நினைக்காமல் இருக்கட்டும். ஜெபம் வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு வகுப்பறை. நம் பிள்ளைகள் கேட்டால் அவர்களுக்கும் ஒன்று, முஸ்லிம் பிள்ளைகளுக்கும் ஒன்று. விருப்பமுள்ள ஆசிரியர் கூட இருக்கட்டும். வெளியே போகிற பிள்ளை என்று யாரும் இருக்க மாட்டார்கள், ஏனென்றால் வழிபாடு நடக்கிற இடத்துக்கு விரும்பிய பிள்ளை நடந்து போகும். இவ்வளவுதான் மாற்றம், யார் கும்பிடுவதும் நிற்கவில்லை. லைஃப் ஸ்கில்ஸ் பாடத்தில் எல்லா மதங்களைப் பற்றியும் ஏற்கனவே இருக்கிறது, அதை ஒழுங்காக நடத்தினால் பொங்கல் என்றால் என்ன, ரமலான் என்றால் என்ன, புனித வெள்ளி எதற்கு, முன்னோருக்கு ஏன் சாம்பிராணி மாதிரி இம்பெபோ என்ற மூலிகையைப் புகைக்கிறார்கள் என்று எல்லாப் பிள்ளையும் தெரிந்துகொள்ளும். என் பேத்திக்கு ஏசு கதை தெரிய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொள்வது வேறு, கும்பிட வைப்பது வேறு.

இந்த விதியை எழுதும் அதிகாரம் இங்கே ஒவ்வொரு பள்ளியின் நிர்வாகக் குழுவுக்குத்தான் இருக்கிறது. பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். 2024-ல் நடந்தது, அடுத்தது 2027. எங்கள் தமிழ்ப் பெற்றோர் ஓட்டுப் போடவும் போவதில்லை, நிற்கவும் மாட்டார்கள், அப்புறம் வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் கொதிப்பார்கள். ஒரு வாரம் சமோசா கடை போட்டுக் கோயிலுக்கு நிதி திரட்டத் தெரிந்தவர்கள், ஒரு சாயங்காலம் பள்ளிக் கூட்டத்துக்குப் போய் உட்கார முடியாதா? நானே மகனிடம் இரண்டு வருடமாகச் சொல்லி இப்போதுதான் அசைந்திருக்கிறான்.

போன வாரம் அவனும் இன்னும் மூன்று குடும்பங்களும் நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அந்த மூன்றில் ஒன்று கிறிஸ்தவக் குடும்பம், என் பிள்ளை ஜெபிக்கும்போது பக்கத்துப் பிள்ளை மனசு இல்லாமல் நிற்பது எனக்கு வேண்டாம் என்று அந்த அம்மா தானாகவே வந்து கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்வதாகப் பதில் வந்திருக்கிறது. பாட்டி பேசலாமா என்று மகன் தலைமையாசிரியரிடம் கேட்டான், பேசலாம் என்றிருக்கிறார். பேச வேண்டியதைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், அந்தப் பரிசளிப்பு விழாக் கதையையும் சேர்த்துத்தான். மருமகள் அதை ஆங்கிலத்தில் டைப் செய்துகொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்